எடுத்தவன் குற்றம்

வாருங்கள், வந்து இந்த அநீதிக்குச் சாட்சி நில்லுங்கள்! இங்கே விலங்கு இல்லை, சவுக்கு இல்லை, மீசை முறுக்கிய கொடுங்கோலன் எவனும் இல்லை. ஐந்து நேர்மையாளர்கள் கூடினார்கள், முறையாகப் பேசினார்கள், முறையாகக் கை தூக்கினார்கள், முறையாகவே ஒரு மனிதனின் செவிகளைப் பறித்தார்கள். ஐவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஐவர் முன்னிருந்த எண்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. ஆயினும் அநீதி நடந்தது. அந்த ஐவரில் ஒருத்தியான அங்கயற்கண்ணி, குற்றவாளியைச் சுட்டிக்காட்ட விரலை நீட்டியபடி இன்றும் நிற்கிறாள். நீட்டிய விரலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மதுரை சிம்மக்கல்லில், இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. முப்பதாம் வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்துவிட்டுச் செவியைக் கொண்டுபோனது. காதுக்குப் பின்னால், எலும்புக்குள், அரிசி மணியளவு கருவி ஒன்றைப் பதித்தார்கள். அந்தக் கருவி நம் காதைப் போன்றதன்று. ஒவ்வோர் ஒலியையும் அதற்குத் தனித்தனியாகக் கற்பித்தாக வேண்டும். மழைக்கு ஒரு கோப்பு. குக்கர் விசிலுக்கு ஒரு கோப்பு. மனிதப் பேச்சுக்கு ஒரு கோப்பு. கோப்பு இல்லாத ஒலி, தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற வெற்று இரைச்சல். கோப்பும் நிலையானதன்று. நரம்பு நாளுக்கு நாள் மாறுவதால், நாற்பது நாளில் பழைய கோப்பு பொருந்தாமல் போகும்; பிறர் திருத்தி வைத்த புதிய பதிப்பை எடுத்துப் போட்டால்தான் உலகம் மீண்டும் பேசும்.

கருவியைச் செய்த நிறுவனம், இலாபம் வற்றியதும் கடையைக் கட்டிக்கொண்டு போனது. கைவிடப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையானார்கள். 'பொதுச்செவி' என்ற வட்டம் பிறந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர், ஆளுக்கொரு புனைபெயர். ஒரு வீட்டுக் கணினியிலிருந்து இன்னொரு வீட்டுக் கணினிக்குக் கோப்புகள் நேராகப் போய்வந்தன. நடுவில் முதலாளி இல்லை. விலை இல்லை. வெளியாள் நுழைய வழியில்லை. என்ன உயர்ந்த ஏற்பாடு! எத்தனை அழகான கனவு! அந்தக் கனவைக் காக்கத்தான் ஏழாம் விதியை எழுதினார்கள்.

அந்த விதியின் தணிக்கையாளராக இருந்தவள் அங்கயற்கண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்க, மடிக்கணினியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பன்னிரண்டு வயது மகள் எழிலி எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இந்தப் பெருந்தீனி? பேரே ஒரு மாதிரி இருக்கு."

"அவரா வச்சுக்கிட்டது இல்லடி. மத்தவங்க வச்ச பேரு. வட்டத்துல அதிகமா எடுக்குற ஆளு."

"எடுக்கறது தப்பா? நீயுந்தான எடுக்குற?"

"எடுக்கலாம். ஆனா ஏழாம் விதிப்படி, எடுத்ததுல பத்துக்கு ஆறாச்சும் நாம மத்தவங்களுக்குக் கொடுத்திருக்கணும். நம்மகிட்ட இருக்குற கோப்ப ஒருத்தர் எடுத்தா நமக்கு ஒண்ணு ஏறும். நாம ஒருத்தர்கிட்ட எடுத்தா அவருக்கு ஒண்ணு ஏறும். அந்த ரேஷியோ பத்துக்கு ஆறுக்குக் கீழ போனா இருபது நாள் டைம். அதுக்குள்ள ஏத்தலைன்னா கதவச் சாத்திருவோம்."

"சாத்திட்டா?"

"நாப்பது நாள்ல ஒவ்வொரு சத்தமா மறந்துபோகும்."

எழிலி தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "இவரு எவ்ளோ எடுத்திருக்காரு?"

"மூணு வருசத்துல பத்தாயிரத்து இருநூறு."

"பத்தாயிரம் சத்தமா! உலகத்துல அவ்வளவு சத்தம் இருக்காம்மா?"

இல்லை. அதுதான் அங்கயற்கண்ணியைக் குழப்பியது. பொதுச்செவியில் இருந்த கோப்புகள் மொத்தமே ஆறாயிரம். பெருந்தீனி எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்திருந்தான். அதுவும் எப்படிப்பட்ட கோப்புகள்? வேறெவரும் தொடாதவை. 'செங்கல் சூளை.' 'மலைப்பாதையில் ஜீப் ஏறும் ஒலி.' வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி கோமளவல்லி என்பவள் உருவாக்கிய 'உப்பளக் காற்று' என்ற கோப்பை மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை எடுத்திருந்தான்.

"மறதிக்காரரா இருப்பாரும்மா," என்றாள் எழிலி. "நீ செஞ்ச கோப்ப எடுத்திருக்காரா?"

"அத நான் பாக்கக் கூடாது. தணிக்கை பண்றவங்க அவங்க கணக்க அவங்களே திறந்து பாக்கக் கூடாதுங்கிறது விதி. எண்ணிக்கை மட்டுந்தான் தெரியும். இருநூத்து நாப்பது தடவ எடுத்திருக்காங்க, தெரியுமா?"

"ஒன்னோட அந்த ரத்தம் சுத்துற மெஷின் சத்தத்தையா? அத யாரும்மா காசு குடுத்தாலும் கேப்பாங்க?"

"ஏன், ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க எத்தனை பேரு இருக்காங்க!" என்றாள் அங்கயற்கண்ணி, சற்றுப் பெருமையோடு. 'செந்துளி' என்ற புனைபெயரில் ஆறு மாதம் உழைத்து அவள் உருவாக்கிய கோப்பு அது. இருநூற்று நாற்பது என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத எத்தனையோ செவிலியர் தன்னோடு வேலை செய்வது போல அவளுக்குத் தோன்றும்.

பதினொரு மணிக்குக் குழு திரையில் கூடியது. தலைவர் கோதண்டபாணி கோயம்புத்தூர்க்காரர். மின்னணுத் துறையில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். வட்டத்தை நிறுவியவரும் விதிகளை எழுதியவரும் அவரே. தம் வீட்டு மாடியில் பெரிய இயந்திரங்களை வைத்து, அனைவரும் கேட்கும் கோப்புகளை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய விகிதம் ஐம்பத்திரண்டு. அதாவது எடுத்ததைப் போல ஐம்பத்திரண்டு மடங்கு கொடுத்தவர்! வட்டத்தில் அந்த எண்ணுக்குக் கோயில் மணிக்கு உள்ள மரியாதை இருந்தது.

"வெளிய விக்கறானுங்க அம்மிணி. வேறென்ன இருக்கப் போவுது?" என்றார் கோதண்டபாணி.

"விக்கிறவன் ஒரு தடவ எடுத்தாப் போதாதுங்களா ஐயா? ஒண்ணை வச்சே ஆயிரம் பேருக்கு விக்கலாம். முந்நூறு தடவ எதுக்கு எடுக்கணும்?"

"கேட்டுப் பார்த்தமே! 'ஏன் எடுத்தீர்கள்?'னு நானே கடுதாசி போட்டனுங்க. என்ன பதில் வந்துச்சு தெரியுங்களா? ஒரே வார்த்தை. 'பசி'. நக்கலு! இத்தனை பேரு ராப்பகலாப் பாடுபட்டுக் கட்டுன வட்டத்தப் பார்த்து நக்கலு!"

"பைத்தியமா இருந்தாங்கன்னா?" என்று இழுத்தாள் அவள்.

"இருக்கட்டுங்க. பைத்தியத்துக்குத் தனி விதின்னு நாம ஒண்ணும் எழுதலையே. ரேஷியோ என்ன சொல்லுது? நீங்களே சொல்லுங்க. லேப்ல வேலை பாக்கறவங்க நீங்க."

அவள் எண்ணைப் பார்த்தாள். கொடுத்தது ஆறாயிரம். எடுத்தது பத்தாயிரத்து இருநூறு. எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே. சோதனைக் குழாயிலுள்ள இரத்தம் ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதில்லை. எண் வந்தால் வந்ததுதான். அப்படித்தான் அவள் பதினைந்து ஆண்டு வேலை பார்த்திருக்கிறாள். விற்பனை ஐயம் இருந்ததால், இருபது நாள் கெடுவும் வேண்டாமென்று முடிவாயிற்று. ஐந்து கைகள் உயர்ந்தன. அவளுடையது கடைசியாக உயர்ந்தது. கடைசியாக உயர்ந்தாலும் கை கைதானே!

பெருந்தீனியின் கதவு அன்றே சாத்தப்பட்டது.

இனி நடந்ததைக் கேளுங்கள். பேராசைக்காரன் ஒழிந்த வட்டம் செழித்திருக்க வேண்டும் அல்லவா? நாற்பதாம் நாள், எல்லைக்குக் கீழே விழுந்தவர்களின் பட்டியலை அங்கயற்கண்ணி திறந்தாள். வழக்கமாக ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அன்று முப்பத்தேழு பேர் இருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் இருபது நாள் கெடு. இயந்திரக் கோளாறு என்று எண்ணி மூடித் திறந்தாள். முப்பத்தேழுதான். ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தாள். செங்கல் சூளை, மலைப்பாதை ஜீப், உப்பளக் காற்று. முப்பத்தேழு பேரின் கோப்புகளையும் மூன்றாண்டாக எடுத்துவந்தவன் ஏறத்தாழ ஒரே ஒருவன். பெருந்தீனி!

முதலில் அவளுக்குச் சினம் வந்தது. கூட்டுக் களவு! ஒருவருக்கொருவர் எண்ணை ஏற்றிவிட்டுக்கொள்ளும் சதி! ஒன்பதாம் விதி அதற்கென்றே இருக்கிறது: பேசி வைத்துக்கொண்டு விகிதத்தை உயர்த்துவோர் இருதரப்பும் வெளியே. அறிக்கையை எழுதத் தொடங்கினாள். இரண்டாம் வரியில் கை நின்றது. சதியென்றால் ஆதாயம் யாருக்கு? எடுத்தவனுக்குத்தானே எண் இறங்கியது? தன் செவியைத் தானே அறுத்துக்கொண்டு கொள்ளையடிக்கும் கொள்ளைக்காரன் எவன்? எண்கள் அனைத்தும் உண்மை. அவை சேர்ந்து சொல்லும் கதை மட்டும் புரியவில்லை.

உறுப்பினர் பதிவேட்டில் பெருந்தீனியின் முகவரி இருந்தது. மரியசூசை, ஐஸ் கம்பெனி, தருவைக்குளம். அறிக்கையை மூடிவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

கடற்கரையை ஒட்டி நின்ற அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அவள் தலைக்குள் தகரங்கள் உருண்டன. ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு அவளிடம் கோப்பு இல்லை. உருவாக்கியவர் எவரும் இல்லை. அந்த அமளிக்கு நடுவே, தோளில் சாக்குத்துணி போட்ட ஐம்பது வயது மனிதர் ஒருவர் அமைதியாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஊருக்கே கேட்கும் குரலில் பேசினார்.

"பேசாதீங்க, எழுதுங்க! காது மூணு நாளா கட்டையாக் கெடக்கு!"

அவள் கைபேசியில் எழுதிக் காட்டினாள்: 'பொதுச்செவியிலிருந்து வருகிறேன்.'

"ஆளையும் தேடி வந்து அடிப்பீயளோ?" என்று அவர் சிரித்தார். "ஒக்காருங்க தங்கச்சி. அந்தப் பெட்டி காஞ்சுதான் கெடக்கு."

'உப்பளக் காற்றை 312 முறை எடுத்தீர்கள். ஏன்?'

"பசின்னு எழுதி அனுப்புனேனே, வரலியா?"

அவள் 'ஏன்?' என்பதை மீண்டும் எழுதினாள். அவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். வைக்கோல் போர்த்தி அடுக்கியிருந்த ஐஸ் பாளங்களைக் கைகாட்டினார்.

"நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. காத்து சரியில்லன்னு இன்னைக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போவல. நான் இருநூறு பாளம் அடிச்சு வச்சிருக்கேன். வாங்க ஒருத்தனும் வரல. சாயங்காலம் மொதலாளி வந்து, 'ஏல சூசை, நீ இன்னைக்கு ஒருத்தனுக்கும் ஐஸ் குடுக்கல, ஒனக்குக் குடிக்கத் தண்ணி கெடயாது'ன்னா, அது ஞாயமா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அந்த வேதாரண்யத்துப் புள்ள கம்ப்யூட்டர அணைக்காம வச்சிக்கிட்டு, குடுக்கத்தான் ஒக்காந்திருக்கா. உப்பளத்துக் காத்து எவனுக்கு வேணும்? வாங்க ஆளில்ல. யாராவது வாங்குனாத்தான அவளுக்கு ஏறும்? அதான் நான் வாங்குனேன்."

'முந்நூறு முறையா?'

"ஒரு தடவ வாங்குனா ஒண்ணுதான ஏறுது! பின்ன என்ன செய்யச் சொல்லுதிய?"

தலைக்குள் உருண்ட தகரங்கள் நின்றிருந்தன. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று அவளுக்குள் எழுந்தது. 'உங்களிடம் அவ்வளவு எண் எப்படி வந்தது?'

"பச்சப்புள்ள அழுகைன்னு ஒரு கோப்பு இருக்குல்லா? நான் செஞ்சது. என் மவ பொறந்தப்ப அவ அழுகைய வச்சுச் செஞ்சேன். புள்ள பெத்தவங்க பூராப் பேரும் அதத்தான் எடுக்காங்க. அதுல குவிஞ்சு போச்சு. ஆறாயிரம்! வச்சு என்ன செய்ய, தலைக்கா வச்சுப் படுக்க முடியும்? ஒருநா பாக்கேன், கெடு விழுந்தவங்க பேரப் போட்டிருக்காங்க. எல்லாம் சூளையில வேல பாக்குறவன், மலையில ஜீப்பு ஓட்டுறவன். குடுக்க மனசில்லாதவன் ஒருத்தன் இல்ல. நாளுக்கு ஒம்போதுன்னு எடுக்க ஆரம்பிச்சேன். டீ குடிக்க நேரத்துல ஒரு அமுக்கு, அவ்வளவுதான்."

'எல்லோரும் கேட்கும் கோப்புகளை அவர்களும் கொடுத்திருக்கலாமே?'

"எங்க விடுதாரு ஒங்க கோயம்புத்தூர்ப் பெரியவரு?" மரியசூசை மறுபடி சிரித்தார். "நல்ல மனுசன்தான், கொற சொல்லல. பேச்சு, ஹாரன், குக்கரு, எல்லாரும் கேக்குற சத்தம் பூராத்தையும் அவரு வீட்டு மெசினே குடுத்துருது. நாம கைய நீட்டுமுன்ன அவரு குடுத்து முடிச்சிருவாரு. குடுக்க எடம் இல்லாம மத்தவன் நிக்கான். நீங்களே கூட்டிப் பாருங்க தங்கச்சி. வட்டத்துல எல்லாரும் குடுத்தத ஒரு பக்கம் கூட்டுங்க, எல்லாரும் எடுத்தத ஒரு பக்கம் கூட்டுங்க. ரெண்டும் ஒரே தொகதான வரும்? ஒருத்தருக்கு அம்பத்திரண்டுன்னு மலையாக் குவிஞ்சா, மத்தவனுக்குப் பள்ளந்தான விழும்?"

ஆறாண்டு தணிக்கை செய்தவள் அங்கயற்கண்ணி. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை.

'குழுவிடம் சொல்லியிருக்கலாமே!'

"சொன்னா? ஒம்பதாம் விதி என்ன சொல்லுது? இருதரப்பும் வெளியேன்னுதான? அவங்க ஒருத்தருக்கும் என்னத் தெரியாது; எவனோ ஒரு கிறுக்கன் எடுக்கான்னு நெனச்சிருப்பாங்க. நான் வாயத் தொறந்தா அத்தன பேரும் போவணும். மூடிக்கிட்டா நான் ஒருத்தன். கடைசி மாசம் நிறுத்தலாம்னுதான் பாத்தேன். அந்த வேதாரண்யத்துப் புள்ளைக்குக் கொழந்த பொறந்திருக்குன்னு அவளே வட்டத்துல எழுதுனா. நான் செஞ்ச அந்த அழுகைய எடுக்கதுக்கு அவளுக்கு ரேஷியோ இல்ல. அதுக்கு ஏத்திவிட்டதுல நான் கோட்டுக்குக் கீழ போயிட்டேன்."

அங்கயற்கண்ணி மெல்ல எழுதினாள்: 'நீங்கள் போனபின் முப்பத்தேழு பேரும் விழுந்துவிட்டார்கள்.'

சிரிப்பு அணைந்தது. பீடியைக் கீழே போட்டு மிதித்தார். எதையோ விரல்விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது.

"முப்பத்தேழா? முப்பத்தெட்டுல்லா இருக்கணும்?"

அவள் திகைத்து நிமிர்ந்தாள்.

"எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி. முப்பத்தெட்டு. மதுரைக்காரங்க ஒருத்தங்க உண்டு. செந்துளின்னு பேரு. அவங்க இன்னும் விழலியா? நல்லதாப் போச்சு. ங்ஙொய்ய்னு ஒரு மெசின் சத்தம். இருநூத்தாறு தடவ எடுத்தேன். கடைசி வரைக்கும் அது என்ன மெசினுன்னு எனக்கு வெளங்கவே இல்ல!"

முகம் தெரியாத அந்தச் செவிலியர் கூட்டம் ஒவ்வொருவராக மறைந்தது. எஞ்சி நின்றது சாக்குத்துணி போட்ட ஒரு தோள். அவள் எழுதினாள்:

'இரத்தம் சுழற்றும் இயந்திரம்.'

"அப்படியா! ரத்தத்தச் சுத்துவாங்களா? ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

'தெரியும். உங்களை வெளியேற்றக் கை தூக்கிய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.'

"அடிப்பாவி!" என்று தொடையைத் தட்டிப் பெரிதாகச் சிரித்தார் மரியசூசை. சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போனார். திரும்பி வந்தபோது ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் பகல் உணவு வேளையில், பரிசோதனைக் கூடத்தின் பின்கட்டிலிருந்து அவள் கோதண்டபாணியை அழைத்தாள். எதையும் மறைக்கவில்லை. பத்தாயிரத்தின் கதையையும் முப்பத்தெட்டுப் பேரின் கதையையும் தன் பெயரையும் சொன்னாள். முடிவில், தானே எதிர்பாராத ஒரு வேண்டுகோள் அவள் வாயிலிருந்து வந்தது.

"ஐயா, நீங்க கொஞ்ச நாளைக்குக் கொடுக்காம இருங்க."

"என்னுங்க?"

"கொடுக்காதீங்க. மத்தவங்க கொடுக்கட்டும்."

"அம்மிணி, கொடுக்கறது தப்புங்களா?" என்று கேட்டார் முதியவர். "ஆஸ்தியப் பூரா அந்த மாடியில போட்டு வெச்சிருக்கறனுங்க. ஒருத்தன்கிட்ட ஒத்தை ரூவா வாங்கலீங்க. நாலு பேருக்குக் காது கேக்கட்டும்னு கொடுத்தனுங்க. அது எப்படி இன்னொருத்தன் காதை அடைக்கும்? எனக்கு ஒண்ணும் புரியலையே!"

"எனக்கும் புரியலைங்க ஐயா. நீங்க கெட்டவரா இருந்திருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்."

தலைவரின் குரல் தணிந்து வந்தது. "நீங்க இதை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. ஒம்பதாம் விதிப்படி, தெரிஞ்சுபோட்டா நானு முப்பத்தெட்டுப் பேரையும் வெளியேத்தோணும்." மூச்சு வாங்கினார். "அம்மிணி, எங்கருவியில என்னமோ ஒரே இரைச்சலா இருக்குதுங்க. நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கலீங்க. ஏழாம் விதிய எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணோணும்னு சொன்னீங்களே, அது மட்டும் கேட்டுதுங்க. நாளையிலிருந்து பதினஞ்சு நாள். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வந்தா விதி போயிரும்."

அவள் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. "நன்றிங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை அவள் தன் எண்ணைத் திறந்தாள். கொடுத்தது இருநூற்று நாற்பது, எடுத்தது முந்நூற்றெண்பது. எல்லையைத் தொட இன்னும் இருபது கோப்புகள் எடுக்கலாம். தனக்குத் தேவை ஒன்றே ஒன்று: மனிதப் பேச்சு. பழைய பதிப்பு கெட்டுப்போக ஒன்பது நாள் இருந்தது. இனி அவள் கோப்பை எடுக்க எந்தப் பெருந்தீனியும் வரப்போவதில்லை.

எழிலி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டாள்: "என்னம்மா அமுக்கிக்கிட்டே இருக்க?"

"உப்பளத்துக் காத்து எடுக்கறேன்."

"எத்தனையாவது?"

"பதினேழு."

"நமக்கெதுக்கும்மா அது?"

அங்கயற்கண்ணி அமுக்கிக்கொண்டே இருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வேதாரண்யத்தில் யாரோ ஒரு கோமளவல்லியின் எண் இருபது படி ஏறியது. அவள் கதவு இன்னும் ஒரு மாதம் திறந்திருக்கும். தொட்டிலில் அழும் பிள்ளையின் குரல் அதுவரை தாய்க்குக் கேட்கும். இருபத்தொன்றாவதாகத் தனக்கு வேண்டிய பேச்சை எடுத்தால் அங்கயற்கண்ணி எல்லைக்குக் கீழே. ஒன்பதாம் விதிப்படியோ, இப்போதே அவள் குற்றவாளி. செய்தது சரியா? அவளுக்குத் தெரியாது. விதி தவறா, விதியை எழுதிய நல்லவர் தவறா, விதியை நம்பிய தான் தவறா? அதுவும் தெரியாது. கணினியை அணைக்காமல் அப்படியே வைத்தாள். எவரேனும் அந்த இயந்திர ஒலியைக் கேட்டு வரக்கூடும் என்று.

ஒன்பது நாளும் கழிந்துவிட்டன. எழிலியின் குரலில் தகரம் கலக்கத் தொடங்கியிருக்கிறது. 'அம்மா' என்பது இன்னும் புரிகிறது. அதற்குப் பின் வருவது புரிவதில்லை. அவள் மகளின் உதடுகளைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். வாக்கெடுப்பு முடிய ஐந்தே நாள்கள். இதுவரை வாக்களித்தோர் ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் இருநூற்றுப் பதினொருவர்.

மற்றவர்கள் எங்கே போனீர்கள்? உயர்ந்த எண் வைத்திருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்கிறீர்களா? உங்கள் எண் உயர்ந்தது எவர் பள்ளத்தால் என்று ஒருமுறையேனும் கூட்டிப் பார்த்தீர்களா? கொடுப்பவரைப் போற்றினோம், போதும். வாங்குவதற்கு ஆளில்லாமல் கொடுக்கக் காத்திருப்பவரின் கதவை நாம்தான் சாத்தினோம்! ஏழாம் விதியை நீக்க இன்றே வாக்களியுங்கள். ஒன்பதாம் விதியைக் காட்டி எவரையும் காட்டிக்கொடுக்காதீர்கள். மரியசூசைக்குக் கதவைத் திறவுங்கள். வாக்களித்த கையோடு, எவரும் எடுக்காத கோப்புகளின் பட்டியலைத் திறவுங்கள். சூளையை எடுங்கள். மலைப்பாதை ஜீப்பை எடுங்கள். மதுரையில் சுழலும் அந்த இயந்திரத்தை எடுங்கள். ஒருமுறை போதாது; ஒரே கோப்பை முந்நூறு முறை எடுங்கள்.

ஏன் எடுத்தீர்கள் என்று எவரேனும் கடிதம் எழுதிக் கேட்டால், பசி என்று பதில் அனுப்புங்கள்.